என் மச்சான் பெயரில் ஓடிய கம்பி

பனை ஓலைக் கொட்டகையில் பட்டறை ஆரம்பித்து அதைக் கல் கட்டடம் ஆக்கியவன் நான். ஆலைக்காரர்கள் கழித்துப் போட்ட கடைசல் மிஷினை மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, பல் உடைந்த சக்கரங்களை நானே அரம் வைத்து ராவி ஓட வைத்தேன். இனி ஓடாது என்று ஊரே சத்தியம் செய்த பம்பு இன்ஜினை ஓட வைத்தேன். ஊரை விட்டுக் கப்பல் ஏறிய பிரெஞ்சு அதிகாரிகள் அனாதையாக விட்டுப்போன கார்களுக்கு, உதிரி பாகம் கடல் தாண்டி வந்தால்தான் உண்டு என்று இருந்த காலத்தில், இங்கேயே அடித்து இங்கேயே பொருத்தினேன். கருவடிக்குப்பத்தில் வீடு கட்டினேன். பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். இவ்வளவுக்கும் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. நடுவில் வாத்தியார் அடித்தார், நான் திரும்பிப் போகவில்லை.

இதையெல்லாம் சொன்னால், 'கிழவன் பீற்றிக்கொள்கிறான்' என்பார்கள். பீற்றிக்கொள்ள என்னிடம் இருக்கிறது, பீற்றிக்கொள்கிறேன். இல்லாதவன் பீற்றினால்தான் கேட்க வேண்டும். அப்படி ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கதை. காரின் பின்பக்கம் தடித்த குறுக்குக் கம்பி போட்டு, மீன் ஏற்றும் கார்களின் ஆட்டத்தை நிறுத்தியது என் மச்சான் என்று புதுச்சேரியில் இன்னும் சொல்கிறார்கள். நிறுத்தியது நான். அது எப்படி அவருடையது ஆயிற்று, நான் அவரை என்ன செய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். நான் சரியாகத்தான் பேசப் போகிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்குக் கார் ஓட்டியவர். ஓட்டியதோடு சரி, இன்ஜினைத் திறந்து பார்த்தவர் இல்லை. ஆனால் அந்த அதிகாரி போகும்போது கொடுத்துவிட்டுப் போன தொப்பியை அவர் தலையிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை. வெள்ளைக்காரத் தெருக்களைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கராஜ் வைத்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பிரெஞ்சு பேசுவார். உள்ளே வேலை தெரிந்த ஆட்கள் வேலை செய்வார்கள். அவரை எல்லோரும் 'பத்ரோன்' என்றுதான் கூப்பிட வேண்டும். அதையே தமிழில் முதலாளி என்றால் கோபம் வரும்.

என் கல்யாணத்தன்றே அவர் பந்தியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, கைய நல்லா கழுவிட்டு உக்காரு. தங்கச்சிக்குக் கிரீஸ் சோறு போடப் போறன்னு ஊருக்குத் தெரிய வேணாம்." பந்தி முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவன் எழுந்து போய்க் கை கழுவி வந்தேன். அந்தக் கணக்கை நான் அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டேன், நெஞ்சில்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு, ஊருக்குள் வருகிற வழியில் இருந்த சுங்கச் சாவடிகள் எல்லாம் போய்விட்டன. அதற்கு முன் காலாப்பட்டிலிருந்து பட்டணத்துக்கு வர வேண்டுமென்றால், நடுவில் சென்னை ராஜ்யத்து மண்ணைத் தாண்டி வர வேண்டும். கூடையை இறக்கு, துணியை விலக்கு, மீனுக்கு அடியில் என்ன என்று கேட்பார்கள். அது ஒழிந்ததும் மீன்காரர்களுக்குக் கால் முளைத்தது. வலை கரை ஏறியதும் மார்க்கெட்டுக்கு முதலில் போகிறவருக்குத்தான் நல்ல விலை. அதனால் தலைச்சுமைக்குப் பதிலாகக் கார் வந்தது.

காலாப்பட்டில் ஒரு மீன்கார அக்கா இருந்தாள். புருஷன் கடலுக்குப் போவார், விற்பதெல்லாம் அவள்தான். குரல் கேட்டாலே மீன் எடை கூடும் என்பார்கள். அவள் அதிகாரி ஒருவர் விட்டுப்போன பிரெஞ்சுக் காரை வாங்கி, பின் சீட்டைப் பிடுங்கிவிட்டு, உள்ளே கூடையும் கூரை மேலே கூடையுமாக அடுக்கினாள். ஓட்டுவது அவள் கொழுந்தன். கூரை மேல் அவ்வளவு பாரம் ஏறினால் கார் என்ன செய்யும்? வளைவில் குடித்தவன் மாதிரி சாயும். ஒரு நாள் காலை, கோட்டக்குப்பம் வளைவில் சாய்ந்தது சாய்ந்ததுதான். யாருக்கும் அடி இல்லை. ஆனால் கூடையெல்லாம் சாலையில் கொட்டி, வஞ்சிரமும் வவ்வாலும் செம்மண்ணில் புரண்டு, நாய்களும் காக்கைகளும் அன்றைக்கு விருந்து சாப்பிட்டன.

அவள் நேராக என் கொட்டகைக்கு வந்தாள்.

"தம்பி, உன் மச்சான்கிட்ட போனேன். 'கூடைய கொறச்சிக்கோ'ன்றாரு. கூடைய கொறைக்க எனக்குத் தெரியாதா? அதுக்கு ஒரு பத்ரோன் வேணுமா?"

"இன்னா செய்யணும்ன்றீங்க, அக்கா?"

"கூட கொறையக் கூடாது. வண்டி சாயக் கூடாது. உன்னால முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லு, வெயில் ஏறுது."

முடியுமா, முடியாதா என்று என்னிடம் யாரும் அப்படிக் கேட்கக் கூடாது.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு குறுக்குக் கம்பி இருந்தது. அதன் நடுப்பாகத்தை இரண்டு கிளாம்புகள் காரின் அடித்தகட்டோடு பிடித்திருக்கும். இரண்டு முனைகளும் சின்னச் சின்னத் தொங்கு இணைப்புகள் வழியாகச் சக்கரத்துப் பக்கம் கட்டப்பட்டிருக்கும். கார் ஒரு பக்கம் சாயும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு, சாயாதே என்று பிடித்து இழுக்கும். அதுதான் அதன் வேலை. ஆனால் அதிகாரியும் அவர் மனைவியும் கடற்கரையில் காற்று வாங்கப் போவதற்காகச் செய்த கம்பி அது. என் சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். கூரை மேல் மீன் ஏறும் என்று செய்தவனுக்குக் கனவிலும் தெரியாது.

பழைய இரும்புக் கடையில், நொறுங்கிப் போன பெரிய அமெரிக்கக் கார் ஒன்றின் முன்பக்கக் கம்பி கிடைத்தது. கட்டைவிரல் தடிமன். முனைகளை உலையில் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி நீலம் ஓடுகிற அளவுக்குச் சூடு காட்டி ஆற வைத்தேன். வெறுமனே வளைத்து மாட்டினால் அது கம்பி இல்லை, விறகு. இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தந்தது இல்லை, நான் பாழாக்கிய இரும்புகள் சொல்லித் தந்தது.

இதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம், இதைத்தான் மச்சான் பார்க்கவில்லை. கம்பியைத் தடிமனாக்கினால் காரில் என்ன கெடும் என்று நான் யோசித்தேன். ஸ்பிரிங் கெடாது. அதிர்ச்சி தாங்கும் அமோர்த்திசரும் கெடாது. கட்டுமரத்துக் கட்டையை இரண்டு பேர் தோளில் தூக்கிப் போகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் பள்ளத்தில் கால் வைத்தால் மற்றவன் தோளில் இறங்கும். மூங்கில் குச்சியாக இருந்தால் வளைந்து கொடுக்கும், கட்டை வளையாது, தோளைத்தான் பெயர்க்கும். கம்பிக்குத் தோள் என்பது கிளாம்பு, தொங்கு இணைப்பு, கிளாம்பு உட்கார்ந்திருக்கும் மெல்லிய அடித்தகடு. இவை மூன்றும் சுண்டுவிரல் கம்பிக்காகச் செய்தவை. எனவே தடித்த இரும்புத் தகடு வெட்டி, அடித்தகட்டோடு சேர்த்து ஆணி அறைந்து, அதன் மேல் கிளாம்பை உட்கார வைத்தேன். தொங்கு இணைப்புகளைப் புதிதாகச் செய்தேன். இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க நடுவில் ரப்பர் வளையங்கள் போட்டேன்.

கூடை முழுக்க ஏற்றிக்கொண்டு கோட்டக்குப்பம் வளைவில் நானே உட்கார்ந்து போனேன். கார் நிமிர்ந்து போயிற்று. கொழுந்தன் கை தட்டினான், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு. அக்கா அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

மாதங்கள் நன்றாகப் போயின. மீன் வரத்து உள்ளவர்கள் எல்லாரும் என் கொட்டகையைத் தேடி வந்து, 'அக்கா கார் மாதிரி செஞ்சிக் குடு' என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் இடி விழுந்தது. அக்காவின் காரின் பின்பக்கம் முதலில் லேசாக டக் டக் என்றது, பிறகு கடகட என்றது, பிறகு ஒரு காலை மார்க்கெட் வாசலில் தொங்கு இணைப்பு அறுந்து, கம்பி முனை காரின் வயிற்றில் இடித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்தது மச்சான் கராஜ். அங்கே தள்ளிக்கொண்டு போனார்கள்.

நான் செய்தி கேட்டுப் போய்ச் சேருவதற்குள் அவர் கம்பியைக் கழற்றி, கராஜ் வாசலில் நாற்காலி பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். மார்க்கெட் கூட்டம் பாதி அங்கே இருந்தது.

"வா மாப்ள, வா. உனக்காகத்தான் எல்லாரும் காத்துனு இருக்காங்க." தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். "இன்னா போட்ட நீ? கம்பியா போட்ட? கார் தின்னியப் போட்டுருக்க. தங்கச்சி ஊட்டுக்காரன் போட்ட கம்பி, பூந்து வயித்தத் தின்னுடுச்சி. ஸே ஃபினி! முடிஞ்சி போச்சி!"

கூட்டம் சிரித்தது. அறுந்த இணைப்பையும் ரப்பரையும் ஒரு மீன் கூடையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"இந்தா உன் சொத்து."

"கம்பி?"

"கம்பி இங்கியே இருக்கட்டும். பழைய இரும்புதான, எனுக்குக் கதவு முட்டுக் குடுக்க ஆவும்."

அன்றிலிருந்து என் பெயர் ஊரில் 'கார் தின்னி'. டீக்கடையில் உட்கார்ந்தால், "யோவ், டம்ளர தின்னுடாத" என்பார்கள். விசாரித்தவர்கள் ஒருவரும் வரவில்லை. கொட்டகையில் சைக்கிள் சக்கரத்துக்கு வளைவு எடுத்துக்கொண்டு இருந்தேன். வீட்டில் சோறு போடும்போது மனைவி, "எங்க அண்ணனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடும்?" என்றாள். அந்தச் சோற்றை நான் சாப்பிட்டேன். ருசி மறக்கவில்லை.

ஒரு நாள் அந்தக் கூடையை எடுத்துக் கொட்டிப் பார்த்தேன். தகடு அப்படியே இருந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அன்றைக்குக் கராஜில் காருக்கு அடியில் பார்த்தேனே. இணைப்பு நட்டு தளர்ந்துதான் அறுந்திருந்தது. ஏன் தளர்ந்தது? ரப்பரைக் கையில் எடுத்தேன். பாலில் ஊறிய ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. நகம் வைத்தால் பிய்ந்து வந்தது. ரப்பர் தேயும், வெடிக்கும். உப்புமா? மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். சுறா எண்ணெய்!

சைக்கிளை எடுத்துக்கொண்டு காலாப்பட்டுக்குப் போனேன். அக்கா கருவாடு புரட்டிக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, காருக்கு அடியில எதுனா பூசுனீங்களா?"

"பூசாம? கூடையில இருந்து உப்புத் தண்ணி சொட்டச் சொட்ட இரும்பு அத்துப் போவாது? எங்க படகுக்கு இன்னா பூசுறமோ அதத்தான் பூசுனோம். சுறா ஈரல காய்ச்சுன எண்ணெ. கொழுந்தன் வாரா வாரம் பூசுவான். பலகை இத்தினி வருஷமா நிக்குதே, இரும்பு நிக்காதா?"

பெருமையாகச் சொன்னாள். அவள் சொன்னதில் பாதி சரி. இரும்புக்கு அது நல்லதுதான், துருவே பிடிக்கவில்லை. ஆனால் ரப்பர் எண்ணெயைக் குடிக்கும். குடித்து உப்பும். உப்பினால் இளகும். இளகினால் நட்டு ஆடும். ஆடினால் அறுக்கும். என் கம்பி எதையும் தின்னவில்லை. அவர்கள் பாசத்தோடு ஊட்டிய எண்ணெயை ரப்பர் தின்றது.

"இத்த நான் நாளைக்கே மார்க்கெட்டுல சொல்லட்டுமா, தம்பி? தப்பு எங்களுதுன்னு?"

நல்ல மனசுக்காரி. நான் வேண்டாம் என்றேன்.

"சொல்லாதீங்க, அக்கா. நான் சொல்றவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஏன்?"

"என் மச்சான் அந்தக் கம்பிய கதவுக்கு முட்டு குடுக்குறதுக்கா எடுத்து வச்சிருக்காரு? பாருங்க, இன்னா ஆவுதுன்னு."

 அக்கா சிரித்தாள். கடல்காரப் பொம்பளைக்குப் பழி வாங்குவது புரியாதா?

அவளுக்கு இன்னொரு கம்பி செய்தேன். ஆனால் எண்ணெய் பூசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னால் கேட்க மாட்டாள், கொழுந்தனும் விட மாட்டான். எனவே ரப்பரை விட்டேன். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையின் தோல் பறி ஒன்றைப் பழசாக வாங்கினேன். எருமைத் தோல். வருஷக்கணக்கில் தண்ணீரில் ஊறி, எண்ணெய் குடித்து, வெயிலில் காய்ந்து, மனுஷனைவிட நிமிர்ந்து நிற்கிற தோல். அதை வளையம் வளையமாக வெட்டி அடுக்கி, நெருக்கி, கிளாம்புக்குள்ளும் இணைப்புக்குள்ளும் வைத்தேன். தோலுக்குச் சுறா எண்ணெய் தாய்ப்பால் மாதிரி. ரப்பரைக் கொன்ற எண்ணெய் தோலை வளர்த்தது. வாரா வாரம் கொழுந்தன் பூசப் பூச, அது இறுகாமல், வெடிக்காமல், சத்தமில்லாமல் வேலை செய்தது. எவன் யோசிப்பான் இதை? நான் யோசித்தேன்.

மச்சானைப் பற்றி நான் நினைத்தது நடந்தது. சில மாதத்துக்குள் அவர் கராஜ் வாசலில் தடித்த கம்பி போட்ட கார்கள் நிற்க ஆரம்பித்தன. 'பத்ரோன் கம்பி' என்று பெயர். என் கம்பியை மாதிரியாக வைத்துச் செய்து, மீன் கார்களுக்கும் வாடகைக் கார்களுக்கும் போட்டார். "பிரான்சுல இப்ப எல்லாம் இப்டித்தான் போடுறாங்கோ" என்று சொல்லி விற்றார். கம்பியைப் பார்த்தார், காப்பி அடித்தார். தகட்டைப் பார்க்கவில்லை. அது காரோடு போய்விட்டதே! ரப்பரைத்தான் போட்டார், நல்ல புது ரப்பர்.

அக்காவின் காரைப் பார்த்து ஊர் முழுக்கச் சுறா எண்ணெய் பூச ஆரம்பித்தது. கார் அடியில் எண்ணெய் பூசலாமா என்று என்னிடமே ஓட்டுநர்கள் கேட்டார்கள்.

"தாராளமா பூசுங்க," என்றேன். "இரும்புக்கு நல்லது." பொய்யா சொன்னேன்? இரும்புக்கு நல்லதுதான்.

கராஜுக்கு எதிரே ஒரு டீக்கடை. தினம் அங்கே உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்தேன். நான் ருசித்துக் குடித்த டீ அதுதான். ஒரு கார் டக் டக் என்று வரும். அடுத்த வாரம் இன்னொன்று. மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போய், ரப்பர் மாற்றி அனுப்புவார். அது உப்பித் திரும்பி வரும். ரப்பர் மாற்றாமல் விட்டவர்களுக்குக் கிளாம்பு இருந்த மெல்லிய தகடே கிழிந்து வந்தது. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. என்னைக் 'கார் தின்னி' என்று கூப்பிட்டவர்கள் என்னிடம் வந்து கேட்டார்களா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை.

அவர் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு மூலக்குளத்தில். முகூர்த்தம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் காலையிலேயே மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினார்கள். மச்சானின் வாடகைக் கார், தடித்த கம்பி போட்டது, மல்லிகைச் சரம் சுற்றியது. ஓட்டுநர் வழக்கம் போல முந்தின நாள் அடியில் எண்ணெய் பூசியிருக்கிறான், கல்யாணம் என்று தாராளமாக. பெண்ணுக்குப் பக்கத்தில் அத்தை முறைக்கு என் மனைவி. காருக்கு முன்னால் நாதஸ்வரம், பின்னால் நாங்கள். மல்லிகையும் சுறாவும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், என் ஆயுசுக்கும் போதும். மாப்பிள்ளைப் பையன் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே வந்தான்.

வில்லியனூர் சாலையில் ரயில் கேட்டைத் தாண்டும்போது தண்டவாளம் ஒரு குலுக்கு குலுக்கியது. டமார் என்று ஒரு சத்தம். கம்பியின் ஒரு முனை கீழே விழுந்து, தரையில் கிரீச் கிரீச் என்று இழுபட ஆரம்பித்தது. நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். கார் நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா, பெரிய மீசைக்காரர், குனிந்து பார்த்தார்.

"இன்னா சம்பந்தி இது? எவன் போட்ட கம்பி?"

மச்சான் தொப்பியைக் கழற்றினார். நான் அவரைத் தலை தெரியப் பார்த்தது அன்றைக்குத்தான். சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது... என் மாப்ள போட்டது. அவன் கண்டுபுடிச்ச கம்பி அது."

நல்லது நடந்தபோது 'பத்ரோன் கம்பி'. அறுந்து விழுந்தபோது 'மாப்ள கம்பி'. கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் மனைவி காருக்குள்ளிருந்து என்னை முறைத்தாள். நான் முன்னால் போனேன்.

"மச்சான், இப்ப சொன்னத இன்னொரு தரம் சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்களுக்கு விழல."

"இன்னா சொன்னேன்?"

"யார் கண்டுபுடிச்ச கம்பி?"

"நீ... நீ கண்டுபுடிச்சதுதான்."

"எல்லாரும் கேட்டுக்குங்க! கண்டுபுடிச்சது நான். மாட்டுனது அவரு. இப்ப அவரே படுத்துப் பாத்து, நான் எப்டிச் செஞ்சேன், அவரு எப்டி மாட்டுனாருன்னு சம்பந்திக்குச் சொல்லட்டும்."

"மாப்ள, பட்டு வேட்டிடா..."

"எனக்கும் ஒரு நாள் பட்டு வேட்டிதான், மச்சான். கை கழுவச் சொன்னீங்களே."

படுத்தார். மீசைக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார், வேறு வழி இல்லை. எழுந்தபோது வேட்டியில் செம்மண்ணும் எண்ணெயும்.

எங்கள் பின்னால் கேட்டில் ஒரு கார் ஹாரன் அடித்தது. காலாப்பட்டு அக்காவின் கார்தான். மார்க்கெட்டில் விற்று முடித்துவிட்டுக் மாப்பிள்ளை வீட்டுச் சமையலுக்கு மீன் கொண்டு போகிறாள் என்று எனக்கு முன்பே தெரியும். பாதையில் மாட்டிக்கொள்வாள் என்று மட்டும் தெரியாது. அது கடவுள் செய்தது.

"இந்தக் காருக்குக் கீழ படுத்துப் பாருங்க, சம்பந்தி," என்றேன் மீசைக்காரரிடம். "இதே கம்பி. இதே எண்ணெ. இதுக்கு மேல இருக்குற பாரத்தயும் பாருங்க. உங்க மகன் வந்த காருக்குப் போடுறதுக்கு முன்னாடியே போட்டது."

அவர் நிஜமாகவே குனிந்து பார்த்தார். அக்கா இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன் பத்ரோன், எங்க கம்பியத் தூக்கி வச்சிக்கினியே, கதவு நிக்குதா?"

அன்றைக்குச் சிரித்த கூட்டத்தில் என் கல்யாணப் பந்தியில் சிரித்தவர்கள் பாதி பேர் இருந்தார்கள். எண்ணிக்கொண்டேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைப் பையன்தான் சொன்னான், "இதுலயே போய்டலாம்பா." கூடைகளை இறக்கி, பலகை போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்து, என் மச்சான் மகள் மாமியார் வீட்டுக்கு மீன் காரில் போனாள். ஏறும்போது அவள் அழுதாள், என்ன அழுகை என்று நான் கேட்கவில்லை. மூலக்குளத்தில் இறங்கும்போது என்னைக் கூப்பிட்டு, "மாமா, கொஞ்சம்கூடக் குலுங்கல" என்றாள். அந்தப் பெண்ணிடம் எனக்குப் பகை இல்லை. அவள் பிள்ளை பிறந்தபோது தொட்டிலுக்குக் கொக்கி நான்தான் செய்து கொடுத்தேன்.

என் மனைவி ரொம்ப நாள் என்னிடம் பேசவில்லை. "சொந்த அண்ணன மண்ணுல படுக்க வச்ச ஆளு" என்று என் காது படச் சுவரிடம் சொல்வாள். நானும் சுவரிடமே சொல்வேன், "சொந்தப் புருஷன மீன் கூடையோட அனுப்புன அண்ணன்." இப்படிச் சில மாதம் சுவர் எங்கள் இருவருக்கும் பிள்ளையாக இருந்தது.

மச்சான் பிறகு ஒரு தரம் கொட்டகைக்கு வந்தார். தொப்பி இல்லை. "ரப்பருக்கு இன்னா செய்ற, மாப்ள?" என்றார். நான் தோல் வளையங்களை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "நல்ல ரப்பரா பாத்துப் போடுங்க, மச்சான்" என்றேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவர் கடைசி வரைக்கும் ரப்பர் மாற்றிக்கொண்டேதான் இருந்தார்.

அக்காவின் கார் என் கம்பியோடு, என் தகட்டோடு, என் எருமைத் தோலோடு, கொடி இறங்கி ஏழெட்டு வருஷம் கழித்து ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த வருஷம் வரைக்கும் ஓடியது. இன்ஜின் போயிற்று, கதவு போயிற்று, கூரை ஓட்டை ஆயிற்று. காரை உடைத்து இரும்புக்குப் போட்ட அன்று நான் போய் அந்தத் தோல் வளையங்களை எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு காருக்குப் போடலாம் போல இருந்தன. போட்டேன்.

இப்போது அக்கா இல்லை. கொழுந்தன் இல்லை. மச்சானும் இல்லை. அவர் பிள்ளைகள் கராஜைப் பெரிதாக்கி, உள்ளே அவர் படத்தை மாட்டியிருக்கிறார்கள், தொப்பியோடு. படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது: 'புதுச்சேரியின் மீன் கார்களை நிமிர்த்தியவர்.' போன மாதம் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிள்ளைகள் மரியாதையாக நாற்காலி போட்டு, "மாமா, கலர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். குடித்தேன். குடித்துவிட்டுச் சொன்னேன். சிரித்தார்கள். வயசானவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தார்கள்.

எனவே அச்சில் சொல்கிறேன். தம்பிகளே, உங்கள் அப்பா படத்தை எடுக்க வேண்டாம், அவர் மாலையையும் எடுக்க வேண்டாம். கீழே இருக்கிற வரியை அழித்துவிட்டு, 'கம்பியும் தகடும் தோலும் இவருடைய தங்கை புருஷன் செய்தது, இவர் ரப்பர் போட்டார்' என்று எழுதுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். மூன்றாம் வகுப்பில் முழுசாகப் படித்தது எழுத்துக் கூட்டுவதைத்தான், நானே வந்து எழுதித் தருகிறேன். பெயிண்டும் நானே கொண்டு வருகிறேன்.